போதனைகளைச் சோதித்தறிந்த ஆயர் புனித இரேனேயுஸ்

திருச்சபை தோன்றிய நாள்தொட்டு அதற்கு இருவகைச் சோதனைகள் நேர்ந்து வந்திருக்கின்றன. ஒன்று வெளியிலிருந்து வாளோடு வந்தது. மற்றொன்று உள்ளிருந்தே போதனையாக எழுந்தது. வாளை யாரும் அடையாளம் கண்டுகொள்வர். தப்பறையோ வேதாகமத்தைக் கையில் ஏந்தி, ஆண்டவரின் திருப்பெயரையே உச்சரித்துக்கொண்டு வரும். ஆகவேதான் எல்லா ஆவிகளையும் நம்பிவிடாமல் சோதித்தறியும்படி அருளப்பர் தம் முதல் நிருபத்தில் எச்சரிக்கிறார். அச்சோதனையை எவ்வாறு செய்வது என்பதை 2-ஆம் நூற்றாண்டில் செய்து காட்டியவர் லியோன் நகரின் ஆயர் புனித இரேனேயுஸ். முன்னோர் நமக்கு அளித்த விசுவாசத்துக்காக நன்றி கூறும் இந்த ஜூபிலி வேளையில் அவரை நினைவுகூர்வது பொருத்தமே.

பொலிக்கார்ப்பின் மாணவர்

இரேனேயுஸ் சுமார் 130-இல் சின்ன ஆசியாவில் பிறந்தவர். இன்று துருக்கி நாட்டில் இஸ்மிர் என வழங்கும் சுமிர்னா நகரில், ஆயர் புனித பொலிக்கார்ப்பின் மறையுரைகளைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தார். பொலிக்கார்ப்போ அருளப்பரோடு பழகியவர். ஆண்டவருக்கும் இரேனேயுசுக்கும் இடையே இரண்டே தலைமுறைகள்தான் இருந்தன.

பின்னர் அவர் காலியா நாட்டின் லியோன் நகரில் குருவானார். 177-இல் அங்கே கொடிய வேதகலாபனை மூண்டது. தொண்ணூறு வயதைக் கடந்த ஆயர் பொத்தினுஸ் அடியுண்டு சிறையில் உயிர்நீத்தார். அடிமைப் பெண்ணான பிளாந்தினா வேதசாட்சியாக மரித்தார். அச்சமயம் சிறைப்பட்டவர்கள் எழுதிய கடிதத்தை உரோமைக்குக் கொண்டு சென்ற இரேனேயுஸ், பொத்தினுசுக்குப் பின் ஆயரானார்.

வீட்டுக்குள் புகுந்த தப்பறை

வாளுக்குத் தப்பிய மந்தையை வேறோர் ஆபத்து சூழ்ந்தது. வாலெந்தினுசின் வழிவந்தோர், அப்போஸ்தலர் ஒரு சிலருக்கு மட்டும் இரகசிய ஞானத்தைக் கற்பித்தனர் என்றும், அது தங்களிடமே உண்டு என்றும் கூறினர். உலகைப் படைத்தவர் உன்னத கடவுள் அல்லர், கீழ்ப்பட்ட ஒருவரே என்றும், உடல் மீட்புக்குரியதன்று என்றும் போதித்தனர். இதை ஏற்றால் வார்த்தையானவர் மாமிசமானதும், திவ்விய நற்கருணையும், சரீர உத்தானமும் பொருளற்றுப் போகும்.

மார்க்குஸ் என்பவன் கிண்ணத்திலிருந்த இரசத்தை நிறம் மாறச் செய்து, அதை அருளின் அடையாளம் என்றான். செல்வமுள்ள பெண்களைத் தேடிப் போய், தீர்க்கதரிசன வரம் தருவதாக அவர்களை மயக்கினான். ஆசியாவில் அவனைத் தம் இல்லத்தில் ஏற்று உபசரித்த திருத்தொண்டர் ஒருவரின் மனைவியே அவன் பின்னால் போனாள். சகோதரர்கள் பெரும்பாடுபட்டு அவளை மீட்டனர். அவள் எஞ்சிய நாட்களைக் கண்ணீரோடு தவத்தில் கழித்தாள். ரோன் நதிக்கரையிலும் இவ்வாறு கெட்ட பெண்கள் பலர் இருந்தனர். சிலர் வெளிப்படையாகப் பாவத்தை அறிக்கையிட்டுத் திரும்பினர். சிலர் வெட்கத்தால் உள்ளேயும் வராமல், வெளியேயும் போகாமல் தவித்தனர் என்று ஆயர் துயரத்தோடு எழுதுகிறார். அவருடைய எழுதுகோலை இயக்கியது வாதத்தில் வெல்லும் ஆசையன்று, ஆன்மாக்களின்மேல் கொண்ட கவலையே.

சோதித்தறிந்த முறை

சுமார் 180-இல் ஐந்து பாகங்களாகத் தப்பறைகளுக்கு எதிரான தம் நூலை எழுதினார். முதலில் எதிராளிகளின் நூல்களைப் படித்து, அவர்களோடு பேசி, அவர்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள் என்பதை அறிந்தார். அதன் பின்னரே மறுத்தார். தெரியாததை வைவது பகுத்தறிதல் ஆகாது.

இரண்டாவதாக, அவர்கள் வேதாகமத்தைக் கையாளும் விதத்தை ஓர் உவமையால் விளக்கினார். கைதேர்ந்த கலைஞன் விலையுயர்ந்த கற்களைப் பதித்து அரசனின் உருவத்தைச் செய்கிறான். வேறொருவன் அக்கற்களைப் பெயர்த்து நரியின் உருவமாக அடுக்கி, இதுவே அரசன் என்கிறான். கற்கள் அரசனுடையவைதான், உருவமோ நரியுடையது. அரசனைக் காணாதவன் ஏமாறுவான். ஞானஸ்நானத்தில் பெற்ற விசுவாசப் பிரமாணத்தை நெஞ்சில் கொண்டவனோ, கற்களை ஏற்றுக்கொண்டு நரியைத் தள்ளிவிடுவான்.

மூன்றாவதாக, மறைவானதை வெளிப்படையானதைக்கொண்டு அளந்தார். அப்போஸ்தலரிடம் இரகசியம் இருந்திருந்தால், தங்கள் சபைகளை ஒப்படைத்த ஆயர்களுக்கன்றோ அதைச் சொல்லியிருப்பர்? இதைக் காட்டவே உரோமையின் ஆயர்களை லீனுஸ் முதல் தம் காலத்து எலெயுத்தேரியுஸ் வரை வரிசையாகப் பெயர் சொல்லி எழுதினார். எழுத்தறியாத மக்களும் தாளும் மையும் இன்றி இதே விசுவாசத்தை இதயத்தில் காத்து வருகின்றனர் என்றார். ஆகவே பகுத்தறிதல் கற்றோருக்கு மட்டும் உரிய வரமன்று.

வேறுபாடு வேறு, தப்பறை வேறு

தப்பறையைக் கடிந்த அவரே, எல்லா வேறுபாட்டையும் தப்பறை என்று எண்ணவில்லை. பாஸ்குத் திருநாளை எந்நாளில் கொண்டாடுவது என்ற விவாதம் 190-ஐ ஒட்டி முற்றியபோது, பாப்பரசர் விக்டர் ஆசியச் சபைகளைப் புறம்பாக்க முனைந்தார். இரேனேயுஸ் தாம் உரோமை வழக்கத்தைக் கைக்கொண்டவராயினும், பணிவோடு அவருக்கு எழுதினார். முன்பு பொலிக்கார்ப்பும் பாப்பரசர் அனிசேத்துசும் இதே காரியத்தில் ஒத்துப்போகாதபோதிலும், அனிசேத்துஸ் தம் ஆலயத்தில் பொலிக்கார்ப்பு நற்கருணைப் பலி நிறைவேற்ற இடமளித்ததையும், இருவரும் சமாதானமாகப் பிரிந்ததையும் நினைவூட்டினார். கிரேக்க மொழியில் அவருடைய பெயருக்குச் சமாதானம் என்பதே பொருள்.

1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் ஒரு சாடியிலிருந்து பழைய கொப்தியச் சுவடிகள் கிடைத்தன. இரேனேயுஸ் சுருக்கித் தந்த போதனைகளில் ஒன்று, அருளப்பரின் இரகசிய நூல் என்ற பெயருடைய சுவடியில் பெரிதும் ஒத்த வடிவில் காணப்பட்டது. அவர் அக்கதைகளைக் கற்பனை செய்யவில்லை என்பது தெளிவாயிற்று. 2022-இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை ‘ஒற்றுமையின் மறைவல்லுநர்’ என்று அறிவித்தார்.

நம் இல்லங்களுக்கும் புதுப்புதுப் போதனைகள் வருகின்றன. அச்சிட்ட தாளிலும் கைபேசியிலும், சில வேளை அழுகையோடும் அற்புதத்தோடும் வருகின்றன. அப்போது நாம் கேட்க வேண்டியவை சிலவே. இது எல்லாருக்கும் வெளிப்படையாகச் சொல்லப்படுகிறதா, ஒரு சிலருக்கு மட்டுமா? வேதாகமம் முழுவதோடும் பொருந்துகிறதா, பெயர்த்தெடுத்த கற்களா? நம் விசுவாசப் பிரமாணத்தோடு ஒத்து நிற்கிறதா? போதிப்பவன் தேடுவது ஆன்மாவையா, பணப்பையையா? இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். வழக்கத்தில் வேறுபடும் சகோதரனைப் பதிதன் என்று தூற்றாதிருக்கவும், ஏமாந்து போய் வெட்கத்தால் வாசலில் நிற்பவருக்குக் கதவைத் திறந்து வைக்கவும் நாம் கற்க வேண்டும்.

நம் பாட்டிமார் மடியில் அமர்ந்து கற்ற விசுவாசப் பிரமாணமே நம் கையிலுள்ள அரசனின் உருவம். அதை நம் பிள்ளைகளுக்குப் பழுதின்றிக் கையளிப்போமாக. அதுவே நம் ஜூபிலியின் சிறந்த காணிக்கை.