குண்டுக்குப் பயந்து பூட்டிய வீட்டுக்கு வாடகை உண்டா?

எங்க பக்கம் குத்தகை நிலத்தை நட்டநடுவுல விட்டுட்டு யாரும் போறதில்ல. அறுவடை முடியணும், களத்துல நெல் அளக்கணும், அப்புறம்தான் கைமாறும். பட்டணத்துல வாடகை வீட்டை நெனச்சா காலி பண்ணிடலாம்னு ஒரு நெனப்பு இருக்கு. அது எவ்வளவு சரின்னு தெரிய 1942-ன் வடசென்னையைப் பார்க்கணும்.

ராயபுரத்துக்குக் குண்டு பயம் புதுசில்ல. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எரிச்சப்பவே ஜனங்க கூட்டம் கூட்டமா ஊரைவிட்டுக் கிளம்பினாங்க. 1942 ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. சென்னையில் அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசாங்கமே சொன்னது. மூட்டைமுடிச்சோட சனம் வந்து இறங்கியது எங்க மாதிரி கிராமங்கள்லதான்.

பூட்டிட்டு வந்த வீட்டுக்கு வாடகை? 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவில் இதுக்கு ஒரு வழி வச்சிருக்கு. தீ, புயல், வெள்ளம், படையின் வன்முறை, இதுகளால் வீடு முழுசா அழிஞ்சாலோ நிரந்தரமா உதவாமப் போனாலோ, குடியிருப்பவர் விரும்பினால் ஒப்பந்தம் ரத்து. ஆனா பயம் சுவரை இடிக்காதே! வீடு முழுசா நின்றது, அதனால வாடகையும் நின்றது.

மாத வாடகைக்காரர் 15 நாள் நோட்டீஸ் கொடுத்தால் தப்பலாம். அதுவும் அப்போ நோட்டீஸ் சரியா வாடகை மாதக் கடைசியில் முடியணும். 2002 திருத்தத்துக்கு அப்புறம்தான் அந்தக் கெடுபிடி போச்சு. இத்தனை மாசம்னு எழுதிக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் வழியும் இல்ல. வீட்டுக்காரர் மனசு வச்சுச் சாவியை ஒப்புக்கொண்டு வாங்கினால்தான் உண்டு.

திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளுக்குக் கணக்கே வேற. எழுதிய ஒப்பந்தம் இல்லாட்டி, ஆலைக்கு விட்ட இடம் வருஷக் குத்தகை, 6 மாச நோட்டீஸ். 106-ஆம் பிரிவு ஆலையையும் வயலையும் ஒரே வரியில் கட்டிவச்சிருக்கு. வேடிக்கை என்னன்னா, மாநில அரசு அறிவிச்சாலொழிய விவசாயக் குத்தகைக்கு இது பொருந்தாதுன்னு 117-ஆம் பிரிவு எங்களை வெளியே தள்ளிடுது.

2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். அதனால இன்னைக்கு எண்ணூரில் வீடு பிடிக்கிறவர் முதல்ல படிக்க வேண்டியது, பாதியில் கிளம்பினா எத்தனை மாச வாடகைன்னு அதுல போட்டிருக்கிற வரியைத்தான்.