வரியின் அகலம் யார் பொறுப்பு? நிரல் எடிட்டர்களில் வன்மடிப்பு: ஒரு மறுஆய்வு

முன்னுரை

நிரல் எடிட்டரில் ஒரு வரி நீண்டுபோனால் அதை மடிக்க இரண்டு வழிகள் உண்டு. கோப்பிலேயே வரிமுறிவைப் பதித்துவிடலாம். அல்லது கோப்பைத் தொடாமல், திரையில் மட்டும் மிச்சத்தை அடுத்த வரிக்கு இறக்கிக் காட்டலாம். முன்னதை வன்மடிப்பு என்றும் பின்னதை மென்மடிப்பு என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. விம் எடிட்டரின் ‘டெக்ஸ்ட்விட்த்’ அமைப்பும் ஈமாக்ஸின் ‘ஆட்டோ ஃபில்’ முறையும் வன்மடிப்பைச் சேர்ந்தவை. விமின் ‘ராப்’, ஈமாக்ஸின் ‘விஷுவல் லைன்’, விஎஸ் கோடின் ‘வேர்ட் ராப்’ ஆகியன மென்மடிப்பைச் சேர்ந்தவை.

நிரலுக்கு வரி அகல வரம்பு தேவை. ஆனால் ஆவணம், கையேடு போன்ற உரைநடைக் கோப்புகளில் வன்மடிப்பு கேடே செய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். தமிழ் உரையில் இக்கேடு இரட்டிப்பாவதையும் இக்கட்டுரை காட்டும்.

80 என்ற எண்ணின் வரலாறு

ஐபிஎம் நிறுவனம் 1928இல் கொண்டுவந்த துளையட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. ஃபோர்ட்ரான் நிரலர்கள் அவற்றில் 7 முதல் 72 வரையானவற்றில்தான் கட்டளையை எழுத முடிந்தது. 73 முதல் 80 வரை அட்டையின் வரிசை எண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. அட்டைக்கட்டு கைதவறிச் சிதறினால் திரும்ப அடுக்க அந்த எண் உதவியது. அட்டைகள் வழக்கொழிந்த பிறகும் 80 நிலைத்தது. டெக் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 முனையத்தின் இயல்புத் திரை 80 நெடுவரிசை, 24 வரிகள் கொண்டது.

அந்த எண் இன்று பலவாறாகத் தளர்ந்துவிட்டது. பைத்தான் மொழியின் நடைக்கையேடான பெப் 8 நிரலுக்கு 79, விளக்கக் குறிப்புக்கு 72 என்கிறது. பைத்தான் நிரலை ஒழுங்குபடுத்தும் ‘பிளாக்’ கருவி 88 வரை விடுகிறது. லினக்ஸ் கருநிரலின் சோதனைக் கருவி 2020இல் தன் எச்சரிக்கை வரம்பை 100க்கு உயர்த்தியது. கோ மொழியின் ‘கோஃபம்ட்’ எந்த வரம்பும் விதிப்பதில்லை. வன்பொருளின் கட்டாயம் போய்விட்டது. எஞ்சியிருப்பது குழுக்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு மட்டுமே.

நிரல் வேறு, உரைநடை வேறு

இரண்டு கோப்புகளை அருகருகே திறந்து பார்க்க முடியவேண்டும் என்பது பெப் 8 சொல்லும் காரணங்களில் ஒன்று. நிரலைப் பொறுத்தவரை இது சரியான வாதம். நிரல் வரியை எங்கே முறிப்பது என்பதை நிரலர் பொருளறிந்து முடிவு செய்கிறார்: அடைப்புக்குறிக்குப் பின், அளவுருக்களுக்கு இடையில். முறிவும் உள்தள்ளலும் சேர்ந்து நிரலின் கட்டமைப்பைக் காட்டுகின்றன.

உரைநடைப் பத்தியின் வன்மடிப்பில் அத்தகைய பொருள் எதுவுமில்லை. எண்ணிக்கை நிரம்பிய இடத்தில் வரி முறிகிறது. பத்து வரிப் பத்தியின் முதல் வரியில் ‘எல்லா’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு, பத்தியை மறுபடி நிரப்பும் கட்டளையை அழுத்தினால், பெரும்பாலும் பத்து வரிகளின் முறிவுகளும் நகர்ந்துவிடும். பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட் வரி வரியாகவே ஒப்பிடுகிறது. ஆகவே பத்து வரி நீக்கம், பத்து வரி சேர்ப்பு என்று காட்டும். சரிபார்ப்பவர் மாறிய ஒரு சொல்லைத் தேடி இருபது வரிகளைத் துழாவ வேண்டியிருக்கும். சொல்வாரியாக ஒப்பிடும் வசதி கிட்டில் உண்டென்று சிலர் மறுப்பர். ஆனால் அது பார்வைக்கு மட்டுமே உதவும். இருவர் ஒரே பத்தியைத் திருத்தி இணைக்கும்போது எழும் முரணும், எந்த வரியை யார் எழுதினார் என்ற பதிவும் வரியையே அலகாகக் கொண்டவை.

எதை எண்ணுவது?

72 என்றால் எதில் 72? ஆங்கிலத்தில் இக்கேள்வி எழுவதில்லை; பைட், குறியீடு, திரைக்கட்டம், எழுத்து எல்லாம் அங்கே ஒரே எண்ணில் முடிகின்றன. தமிழில் ‘கிளி’, ‘கீரை’ என்ற இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஈரெழுத்துச் சொற்கள். யூடிஎஃப்-8 முறையில் இரண்டும் 12 பைட். யூனிகோடு குறியீடுகள் இரண்டிலும் 4. ஆனால் மார்க்கஸ் குன் எழுதிப் பரவலாகப் பயன்பட்ட அகலக் கணிப்பு நிரலின்படி, ‘கிளி’ 4 கட்டங்களையும் ‘கீரை’ 3 கட்டங்களையும் பிடிக்கும். இகரக் குறியை யூனிகோடு இடம்கொள்ளும் குறியாகவும், ஈகாரக் குறியை இடம்கொள்ளாக் குறியாகவும் வகைப்படுத்தியிருப்பதே காரணம். எழுத்தையும் அதைச் சார்ந்த குறியையும் சேர்த்து ஒன்றாகக் கொள்ளும் எழுத்துக்கொத்தை எண்ணும் கருவிக்கோ இரண்டும் 2.

ஆக, ஒரே வரம்பு கருவிக்கொரு பொருள் தருகிறது. பைட்டை எண்ணும் கருவியில் 72 என்பது வெறும் 24 தமிழ்க் குறியீடுகளில் தீர்ந்துவிடும். பைத்தானின் ‘டெக்ஸ்ட்ராப்’ தொகுதி குறியீடுகளை எண்ணுவதால், மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் மிகுந்த வரி கண்ணுக்குக் குட்டையாகவே முடியும். இதற்கெல்லாம் மேலாக, எடிட்டர்களில் தோன்றும் தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் ஒரே அகலம் கொண்டவை அல்ல. ‘ணை’ பிடிக்கும் இடத்தில் ‘ர’ இரண்டு அடங்கும். ஆங்கில எழுத்தின் அகலத்தை வைத்துப் போட்ட எல்லைக்கோடு தமிழ் வரிக்கு எதையும் உணர்த்தாது.

மாற்றும் மறுப்பும்

பிரையன் கெர்னிகன் 1974இல் எழுதிய யுனிக்ஸ் அறிமுகக் கையேட்டில், ஆவணம் தயாரிப்போர் ஒவ்வொரு வாக்கியத்தையும் புதுவரியில் தொடங்க வேண்டும், இயல்பாக நிறுத்தும் இடங்களில் வரியை முறிக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். இது தமிழுக்கு மிகவும் ஒத்துவரும். தமிழ் வாக்கியம் வினைமுற்றை நோக்கி நீண்டு செல்வது. வினையெச்சத்துக்குப் பின்னும் ‘என்று’ என்பதற்குப் பின்னும் இயல்பான முறிவு கிடைக்கிறது. மார்க்டவுனிலும் லேடெக்கிலும் தனி வரிமுறிவு பொதுவாக வெற்றிடமாகவே கொள்ளப்படுவதால் வெளியீடு மாறாது. வாக்கியம் திருத்தப்பட்டால் அந்த வரி மட்டுமே மாறும்.

மின்னஞ்சல் தரம் வரி அகலத்தைக் கேட்கிறதே என்பது இதற்கு எதிரான வலுவான மறுப்பு. ஆர்எஃப்சி 5322 ஒரு வரிக்கு 78 எழுத்துக்குறிகளைப் பரிந்துரைக்கிறது. 998க்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஆனால் 2004இல் வந்த ஆர்எஃப்சி 3676, வரியின் ஈற்றில் வெற்றிடம் இருந்தால் அது மென்முறிவு, படிப்பவர் திரைக்கேற்ப மீண்டும் இணைக்கலாம் என்று வகுத்தது. அகலத்தை முடிவு செய்ய வேண்டியது படிப்பவரின் திரையே என்பதை மின்னஞ்சல் தரங்களும் ஒப்புக்கொண்டன. அனுப்பும் கருவி அனுப்பும் வேளையில் மடிக்கட்டும். மூலக்கோப்பு அதைச் சுமக்க வேண்டியதில்லை.

நிரலுக்குள் வரும் விளக்கக் குறிப்புகள் விதிவிலக்கு. அவை நிரலோடு சேர்த்தே படிக்கப்படுபவை. பல இடங்களில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் குறிப்புக் குறியீடு தேவைப்படுபவை. ஆகவே அங்கே வன்மடிப்பு நியாயமானது.

முடிவுரை

தமிழில் மென்பொருள் ஆவணம் எழுதும் குழுக்கள் மூன்று விதிகளைத் தம் நடைக்கையேட்டில் சேர்க்க வேண்டும். அகல வரம்பு நிரலுக்கும் அதனுள் வரும் குறிப்புகளுக்கும் மட்டும். உரைநடையில் வாக்கியத்துக்கு ஒரு வரி, மடிப்பு எடிட்டரின் மென்மடிப்புக்கு. எண்ணியே தீரவேண்டிய இடத்தில் பைட்டையோ குறியீட்டையோ எண்ணாமல் எழுத்துக்கொத்தை எண்ண வேண்டும். முதல் இரண்டும் இன்றைய எடிட்டர்களிலேயே உடனே செய்யக்கூடியவை. மூன்றாவதற்குக் கருவிகளை எழுதுவோர்தான் முன்வர வேண்டும்.