அன்சி நகரமும் அதன் ஏரியும்

அன்சி, பிரான்சின் தென்கிழக்கே ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே அமைந்துள்ள பழமையான ஏரிக்கரை நகரம். ஓட்-சவோய் மாவட்டத்தின் தலைநகர். சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவிலிருந்து சுமார் 40 கி.மீ. தெற்கே உள்ளது. தெளிந்த ஏரி, நகருக்குள் ஓடும் கால்வாய்கள், இடைக்காலக் கட்டடங்கள் ஆகியவற்றுக்காக அறியப்படுகிறது. இன்று காணப்படும் ஏரியின் தெளிவு இயற்கையால் மட்டும் அமைந்ததன்று. இருபதாம் நூற்றாண்டில் மக்கள் எடுத்த ஒரு முடிவின் விளைவு அது.

அமைவிடம்

அன்சி ஏரி ஏறத்தாழ 27 சதுர கி.மீ. பரப்புடையது. மலையோடைகளும் ஏரியின் அடியிலுள்ள ஓர் ஊற்றும் இதற்கு நீர் தருகின்றன. அந்த ஊற்று இருக்குமிடத்தில் ஆழம் 82 மீட்டர். ஏரியின் நீர் தியூ என்னும் சிற்றாறு வழியாக வெளியேறி, பழைய நகரைக் கடந்து, ஃபியே ஆற்றில் கலந்து ரோன் ஆற்றைச் சென்றடைகிறது.

ஜெனீவாவின் நிழலில்

ஜெனீவாவின் ஆயர்களோடு ஏற்பட்ட அதிகாரப் போட்டியால், ஜெனீவா கோமான்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அன்சியைத் தங்கள் இருப்பிடமாக்கினர். நகருக்கு மேலே குன்றின்மீது நிற்கும் கோட்டை அவர்களுடையது. அக்குடும்பத்தில் பிறந்த ராபர்ட், 1378-இல் ஏழாம் கிளெமென்ட் என்ற பெயரில் அவிஞோன் எதிர்த்திருத்தந்தை ஆனார். 1401-இல் இப்பகுதி சவோய் அரசின்கீழ் வந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் ஜெனீவா சீர்திருத்தச் சபையைத் தழுவியபோது, அதன் கத்தோலிக்க ஆயர் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. முன்பு கோமான்களுக்கு இடம் தந்த அன்சியே பின்னர் ஆயர்களுக்கும் அடைக்கலமானது. 1602 முதல் 1622 வரை ஜெனீவா ஆயராக இருந்த புனித பிரான்சிஸ் சலேசியார் அன்சியிலிருந்தே பணியாற்றினார். 1610-இல் ஷாந்தாலின் புனித ஜேனுடன் சேர்ந்து விசிட்டேஷன் என்னும் பெண்கள் துறவற சபையை இங்கு நிறுவினார். தமிழ்நாட்டில் தொன் போஸ்கோ பள்ளிகளை நடத்தும் சலேசிய சபையின் பெயர் இவரிடமிருந்து வந்தது.

1728-இல் பதினைந்து வயது ரூசோ, மதாம் டி வாரன்ஸை முதன்முதலில் சந்தித்ததும் இந்நகரில்தான். அவ்விடத்தைப் பொன்வேலியால் சூழ வேண்டும் என்று தம் தன்வரலாற்றில் அவர் விரும்பினார். பழைய ஆயர் இல்லத்தின் முற்றத்தில் இன்று பொன்முலாம் பூசிய வேலி ஒன்று உள்ளது.

நீரும் தொழிலும்

தியூ ஆற்றின் விசை மாவாலைகளையும் பட்டறைகளையும் இயக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய கன்னியர் மடம் ஒன்றில் பருத்தி ஆலை தொடங்கியது. ஆற்றின் நடுவே கப்பல் முகப்புப் போல நிற்கும் பலே டி லீல் என்னும் கட்டடம் நாணயச்சாலை, நீதிமன்றம், சிறை எனப் பல பணிகளுக்குப் பயன்பட்டது. 1860-இல் சவோய் பிரான்சுடன் இணைந்தது. 1866-இல் ரயில் பாதை வந்தபின் சுற்றுலாப் பயணிகள் பெருகினர்.

ஏரியை மீட்டல்

மக்கள்தொகையும் விடுதிகளும் பெருகியதால், கரையோர ஊர்களின் கழிவுநீர் ஏரியில் கலந்தது. கழிவிலுள்ள பாஸ்பரஸ் பாசியை வளர்க்கும். அந்தப் பாசி மடிந்து அடியில் அழுகும்போது ஆழ்நீரின் ஆக்சிஜன் குறையும். குளிர்ந்த ஆழ்நீரில் வாழும் மீன்களுக்கு இதனால் ஆபத்து ஏற்பட்டது. பால் செர்வெத்தாஸ் என்னும் மருத்துவர் இதைக் கவனித்துத் தொடர்ந்து எச்சரித்தார்.

ஓர் ஊர் மட்டும் திருந்தினால் ஏரி பிழைக்காது என்பதால், 1957-இல் கரையோர ஊராட்சிகள் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. ஏரியைச் சுற்றிலும் கழிவுநீர்க் குழாய் அமைத்து, கழிவு முழுவதையும் ஏரிக்குக் கீழ்ப்புறமுள்ள சுத்திகரிப்பு நிலையத்திற்குக் கொண்டுசெல்வதே திட்டம். சுத்திகரித்த நீரும் ஏரியில் விடப்படுவதில்லை. பெருஞ்செலவில், உடனடிப் பயன் கண்ணுக்குத் தெரியாத நிலையில், இப்பணி ஆண்டுக்கணக்கில் நடந்தது. இன்று ஏரியின் நீர் நகரின் குடிநீராகவும் பயன்படுகிறது.

இன்றைய அன்சி

கோட்டை, பலே டி லீல் ஆகிய இரண்டும் இப்போது அருங்காட்சியகங்கள். கரையிலுள்ள பாக்கியே புல்வெளியும் காதலர் பாலமும் பயணிகள் கூடும் இடங்கள். 1960-இல் தொடங்கிய பன்னாட்டு அசைவூட்டத் திரைப்பட விழா இந்நகருக்கு உலகப்புகழ் தந்துள்ளது. கோடையில் ஏரியில் நீந்துவோர் கூட்டம் மிகுதி. அவர்கள் கண்ணில் படாமல் அந்தக் குழாய்கள் இன்றும் ஏரியைச் சூழ்ந்து இயங்கி வருகின்றன.