புளியந்தோப்பு 1921: ஒரு முகாமும் சில பதிவேடுகளும்



மீஞ்சூரில் ரயிலேறி சென்ட்ரலுக்கு வேலைக்குப் போகிறவர்கள் தினமும் பேசின் பிரிட்ஜைக் கடக்கிறோம். அதற்கு அருகில்தான் புளியந்தோப்பு. காவல்துறை, குற்றத்தடுப்பு, பாதிக்கப்பட்டோர் நிவாரணம் என்று இன்று அரசு பேசும் மூன்றும் 1921இல் அங்கே ஒன்றாக மோதிக்கொண்டன.

அந்த ஆண்டு கோடையில் பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தது. சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் திரு.வி.க. தலைமை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. தொழிற்சங்க வரலாறுகள் இதைக் 'கருங்காலித்தனம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. கூலி நின்றால் மறுநாள் அடுப்பு எரியாத சேரி அது. ஆலைக்கு வெளியே தங்களைத் தொடாதவர்கள் ஆலைக்குள் மட்டும் தோழர் என்று அழைத்ததை நம்ப அவர்களுக்குக் காரணமும் இல்லை. வேலைக்குப் போகச் சொன்னவர்களில் எம்.சி. ராஜாவும் ஒருவர். நிர்வாகமும் அரசும் இந்தப் பிளவைத் தங்களுக்கு வாய்ப்பாக்கிக்கொண்டன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஜூன் இறுதியில் புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் எரிந்தன. போலீஸ் ஆதிதிராவிடர் பக்கம் சாய்கிறது என்று வேலைநிறுத்தக்காரர்கள் தொடர்ந்து குற்றம்சாட்டினார்கள். சாய்ந்த போலீஸ் இருந்தும் குடிசைகள் எரிந்தன என்பதை அவர்கள் பேசவில்லை. ஆகஸ்ட் 29இல் பெரம்பூரில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின.

வீடிழந்தவர்களுக்கு வியாசர்பாடியில் அரசு முகாம் அமைத்தது. என் கவனம் இந்த முகாமின் மீதுதான். ஆளும் நீதிக்கட்சியின் 'ஜஸ்டிஸ்' பத்திரிகை, கலவரத்துக்குக் காரணம் லேபர் டிபார்ட்மென்ட் ஆதிதிராவிடருக்குக் கொடுக்கும் செல்லம்தான் என்று எழுதியது. (ஆதிதிராவிடர் மேம்பாட்டைக் கவனித்த அதே துறைதான், 'லேபர் ஸ்கூல்' என்று நம் பெரியவர்கள் சொல்வது அதன் பள்ளிகளை.) வீடு எரிந்தவனுக்குக் கூரை கொடுத்தால் அது சலுகையாகிவிடுகிறது. எம்.சி. ராஜா 1923இல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறியதை இந்தக் கசப்பைத் தவிர்த்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

இதே காலத்து இன்னொரு காகிதத்தைப் பாருங்கள். குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. கைரேகை, பெயர்ப்பட்டியல், நிலையத்தில் ஆஜர். 1947இல் அது இங்கே ஒழிந்தது. 1948இல் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1982இல் விசாரணையின்றி ஓராண்டு அடைக்கும் குண்டர் சட்டம். காவல் நிலையத்தில் ஹிஸ்டரி ஷீட் தனி. குற்றம் செய்யக்கூடியவர் யார் என்று எழுதிவைக்க அரசு ஒருபோதும் தாமதித்ததில்லை.

குற்றத்துக்கு ஆளாகிறவர் யார் என்று எழுத எவ்வளவு காலமாயிற்று? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல். நிவாரணத்தை உரிமையாக்கிய விதிகள் 1995இல். வியாசர்பாடி முகாமிலிருந்து 74 ஆண்டுகள்.

அந்த விதிகள் நல்ல விதிகள் என்பது என் கருத்து. டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். ஏழு நாட்களுக்குள் உடனடி நிவாரணம் தர வேண்டும். 2016 திருத்தம் தொகையை 85,000 முதல் 8.25 லட்சம் ரூபாய் வரை வைத்தது. தமிழ்நாடு அரசு 2021இல் அதை 1 லட்சம் முதல் 12 லட்சம் வரை உயர்த்துவதாக அறிவித்தது. கொலை வழக்கில் உடற்கூராய்வுக்குப் பிறகு ஒரு பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும் மறுபாதி. அதாவது தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் போலீஸ் வழக்கைப் பதிவு செய்தாக வேண்டும்.

முடிச்சு அங்கேதான் விழுகிறது. புகார் கொடுக்கப் போனவர்மீதே எதிர்ப்புகார் வாங்கி, இரண்டையும் மேசைமேல் வைத்து, "எதுக்குப்பா, ரெண்டு பேரும் ராசியாப் போயிடுங்க" என்று சொல்வதை வடசென்னை நிலையங்களில் நானே நின்று கேட்டிருக்கிறேன். "காசுக்காக கேஸ் போடுறாங்க" என்பது அதன் அடுத்த வரி. 'ஜஸ்டிஸ்' எழுதியது வேறென்ன?

மீஞ்சூர் நிலையம் இன்று ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் இருக்கிறது. ஆணையரகம் வந்ததும் ரோந்து கூடலாம், கேமரா கூடலாம். நிவாரணம் கூடியதா என்பதற்குக் கணக்கு வேறிடத்தில். விதி 17இன்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடி வழக்குகளையும் நிவாரணத்தையும் பரிசீலிக்க வேண்டும். திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் அந்தக் கூட்டக் குறிப்புகள் இருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் அவற்றைக் கேட்கும் மனுவைத் தயாரித்துக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் கையெழுத்துப் போடலாம்.