தேன்கலத்தை இறக்கிவிட வேண்டுமா?



வட அமெரிக்காவில் சர்க்கரை நீர் நிரப்பிய கலங்களை வீட்டு முற்றத்தில் தொங்கவிட்டு ரீங்காரச் சிட்டுகளை வரவழைப்பது நெடுநாள் வழக்கம். (நம் தோட்டத்துத் தேன்சிட்டு வேறு, இது வேறு.) இலையுதிர்காலம் நெருங்கியதும் அங்குப் பலருக்கு ஓர் ஐயம் எழுகின்றது. கலம் தொங்கினால் பறவை வலசை போகாமல் தங்கிக் குளிரில் மடிந்துவிடாதா? இரக்கத்தில் பிறந்த அச்சமே இது. ஆயினும் இதற்கான விடையின் வேர் நூறாண்டுகளுக்கு முந்தையது என அறிந்து வியந்தேன்.

பறவைகள் எங்கே போகின்றன என்பதே முன்னாளில் புதிராக இருந்தது. தகைவிலான்கள் குளிர்காலத்தில் பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கும் என அரிஸ்டாட்டில் எழுதினார். 1822ஆம் ஆண்டு, ஆப்பிரிக்க ஈட்டி கழுத்தில் பாய்ந்த நாரையொன்று ஜெர்மனியில் கிடைத்தது. நெடும்பயணத்திற்கு அது கண்கூடான சான்றாயிற்று.

அடுத்த வினா, எப்போது புறப்படுவது என்பதை எது உணர்த்துகின்றது என்பது. 1924இல் கனடாவின் எட்மன்டன் நகரில் வில்லியம் ரோவன் என்பார் ஜங்கோ எனும் சிறு பறவைகளைத் திறந்தவெளிக் கூண்டுகளில் வளர்த்தார். ஒரு கூண்டில் மட்டும் மின்விளக்கால் பகற்பொழுதைச் சிறிது சிறிதாக நீட்டினார். கடுங்குளிரிலும் அப்பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தகாலத்தைப் போல் வளர்ந்தன. பறவையின் நாட்காட்டி பகலின் நீளமே என்னும் உண்மைக்கு இவ்வாய்வு வழி திறந்தது.

ரீங்காரச் சிட்டும் அந்நாட்காட்டியையே பின்பற்றுகின்றது. ஏறத்தாழ 3 கிராம் எடையுள்ள செம்மணிக்கழுத்து இனம், கொழுப்பைச் சேர்த்துத் தன் எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிக்கொள்கின்றது. பின்னர் அவற்றுள் பல, மெக்சிகோ வளைகுடாவை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் இடைநில்லாது கடக்கின்றன. இந்நிலையில் கலத்தை இறக்கினால் இழப்பு யாருக்கு? பிந்தி வரும் இளம்பறவைக்கே. மேற்குக் கரையில் ஆண்டு முழுதும் தங்கும் அன்னா இனமும் உண்டு. அது தங்குவது அதன் இயல்பு.

ஆகவே, கடைசிப் பறவையைக் கண்ட பின்னரும் இரு வாரங்கள் கலம் தொங்கட்டும். நான்கு பங்கு நீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை போதும். தேனும் சாயமும் வேண்டா. கலத்தை அடிக்கடி கழுவுதல் இன்றியமையாதது.

அதிகம் ஊட்டினால் பிள்ளை பறக்க மறுக்கும் என அஞ்சும் நமக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. போகும் காலம் வந்தால் பறவை போகும். பசியோடு போகாமல் பார்த்துக்கொள்வதே நம் கடன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்