மோட்டார் தாங்கி (பெரிய செய்மதி டிஷ்)

ஒரே டிஷ்ஷைப் பல செய்மதிகளை நோக்கித் திருப்பும் அமைப்பு. ஒளிபரப்புச் செய்மதிகள் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே வரிசையாக நிற்பதால், தாங்கித் தெரிவில் இடத்தின் அகலாங்கே முதற் கணக்கு.

இரத்தினபுரி மாவட்டக் குருவிட்ட ஏறத்தாழ 6.8 பாகை வடக்கில் உள்ளது. அங்கே செய்மதி வரிசை கிட்டத்தட்டத் தலைக்கு மேலாகச் செல்கிறது. உச்சியில் 82 பாகை உயரம். கிடையாகவும் மேல்கீழாகவும் தனித்தனியே திருப்பும் தாங்கி இங்கு திண்டாடும்: 75, 85 பாகைக் கிழக்குச் செய்மதிகளுக்கிடையே கிடைத்திசையில் 70 பாகைக்கு மேல் சுழல வேண்டும். துருவத் தாங்கியோ ஒரே அச்சில் வேலையை முடித்துவிடும். அதன் அச்சு வடக்கே 6.8 பாகை மட்டும் உயர்ந்து, ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். டிஷ் தெற்கே மேலும் 1.2 பாகை சாயும். புவியச்சுக்கு இணையான அச்சு என்ற இதே உத்திக்காகவே 530 மீற்றர் நீள ஊட்டி வானொலித் தொலைநோக்கி மலைச்சரிவில் கட்டப்பட்டது.

நீளும் தண்டு மோட்டார் (36 வோல்ட்) மலிவு. ஆனால் அடிவானம் முதல் அடிவானம் வரை எட்டாது. அதற்குப் பற்சக்கரத் தாங்கி தேவை. எனினும் சிவனொளிபாதமலைத் தொடர் கிழக்கின் தாழ்வானத்தை மறைக்கும் இடத்தில் அந்தச் செலவு வீண்.

2.4 மீற்றர் டிஷ்ஷின் கற்றை சி அலைவரிசையில் சுமார் 2 பாகை, கேயூவில் 0.7 பாகைதான். ஆகவே கேயூவுக்குத் தாங்கியில் ஆட்டமே இருக்கக்கூடாது. வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தகட்டு டிஷ்ஷில் சபரகமுவ மழை தேங்கும். வடிதுளையோ வலை டிஷ்ஷோ அவசியம்.