இருமொழிப் படநூல்

இருமொழிப் படநூல் என்பது ஒரே கதையை இரு மொழிகளில் ஓவியங்களுடன் தரும் சிறுவர் நூல் வகை ஆகும். வெவ்வேறு எழுத்துகளைக் கற்ற தாத்தா பாட்டியரும் பேரப்பிள்ளைகளும் ஒரே நூலைச் சேர்ந்து படிக்க இது உதவுகிறது.

பயன்பாடு

புலம்பெயர்ந்த குடும்பங்களில் மூத்தோர் தாய்மொழியையும் பேரப்பிள்ளைகள் பள்ளிமொழியையும் மட்டுமே படிக்க அறிந்திருப்பதுண்டு. பாட்டி தமிழ் வரிகளைப் படிக்க, பேத்தி ஆங்கில வரிகளைக் கொண்டு பொருள் அறியலாம். எழுத்தறியாத மூத்தோர் படங்களைக் காட்டிக் கதை சொல்லலாம். பண்பாட்டு வேறுபாடு உறவுப்பெயர்களில் தெளிவாகத் தெரியும்: பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகிய மூவரும் ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லில் அடங்குவர்.

பதிப்பகங்கள்

சென்னையில் 1996 இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் ஆங்கிலத்துடன் தமிழ் முதலிய இந்திய மொழிகளில் ஒன்றை இணைத்து இவ்வகை நூல்களை வெளியிட்டுள்ளது. இலண்டனின் மந்த்ரா லிங்குவா பதிப்பகமும் தமிழ்-ஆங்கில நூல்களை வெளியிட்டுள்ளது.

எல்லைப் பகுதிகளில்

கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர்ப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியன பேசப்படுகின்றன. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் வெளியூர்த் தொழிலாளர்களும் இங்கு குடியேறினர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழோ ஆங்கிலமோ படிக்கும் பிள்ளைகள் இங்கு உள்ளனர். நாடு கடக்காத குடும்பங்களிலும் தலைமுறைகளிடையே எழுத்து இடைவெளி ஏற்படுவதற்கு இது சான்றாகும். இத்தகைய பிள்ளைகளுள் தமிழ்வழியில் பயில்வோருக்கு ஆங்கிலம் சேர்ந்த நூல்களைவிடத் தமிழ்-தெலுங்கு, தமிழ்-கன்னடப் படநூல்களே பொருந்தும்.